தாத்தாவுக்கு ஸ்பானிஷ் வருமா?

"என்ன வைத்தியரையா, இந்த வயசுல பரீட்சை எழுதப் போறீங்களா?"

மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வந்த பெரியவர், என் மேசை மேல் கிடந்த ஸ்பானிஷ் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். பரீட்சைதான்! ஆனால் பரீட்சை வைப்பவன் ஆறு வயதுப் பொடியன். மாட்ரிட்டில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன்.

அவனுக்குத் தமிழ் புரியும். பதில் வருவதெல்லாம் ஸ்பானிஷில். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் மகள் எத்தனை நாளைக்குத் துபாஷியாக நிற்பாள்? அதனால்தான் 55 வயதில் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் வருடம் சுகமாகப் போயிற்று. மேசைக்கு அங்கே 'மேசா', அலமாரிக்கு 'அர்மாரியோ'. போர்த்துக்கீசியர் நம் மொழியில் விட்டுப்போன சொற்களுக்கு இவை உறவுக்காரர்கள். 'எனக்குப் பிடிக்கும்' என்பதை நம்மைப் போலவே 'எனக்கு' போட்டு 'மே குஸ்தா' என்கிறார்கள். நீ, நீங்கள் என்ற மரியாதையும் உண்டு. அட, இங்கிலீஷைவிட இது நமக்கு நெருக்கமாச்சே என்று நினைத்தேன்.

இரண்டாவது வருடம் வண்டி மணலில் சிக்கியது. வாசித்தால் புரிகிறது. எழுதினால் வருகிறது. பேரன் படபடவென்று பேசினால் மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. வயது வந்தபின் மொழி படிப்பவர்கள் பலர் கைவிடுவது இந்த நடுவழியில்தான். கேட்டால், "வயசாச்சு, மூளையில ஏறல" என்பார்கள்.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உச்சரிப்பில் குழந்தைகளை முந்துவது கஷ்டம்தான். ஆனால் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் வயதல்ல, வெட்கம். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்று புத்தகத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறோம்.

ஒருநாள் துணிந்து, 'களைப்பா இருக்கேன்' என்று பேரனிடம் சொல்லப் பார்த்தேன். 'கன்சாதோ' என்பதற்குப் பதில் 'காசாதோ' என்றுவிட்டேன். அதற்கு அர்த்தம் 'கல்யாணமானவன்'! பயல் விழுந்து விழுந்து சிரித்தான். என் மனைவியோ, "ரெண்டும் ஒண்ணுதானே!" என்றாள். அந்தச் சொல் இனி எனக்கு மறக்குமா?

வயதைச் சாக்குச் சொல்பவர்களுக்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போய், தெற்கே கடற்கரையோடு போனால் புன்னைக்காயல். 1547-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த ஊர். முதலில் துபாஷி வைத்துத்தான் பேசினார். பிறகு தானே தமிழ் படித்தார், பேசினார், இலக்கணமும் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானபோது அவருக்கு வயது 58! 'அடியார் வரலாறு' 1586-ல் வந்தபோது 66! சுற்றிலும் தமிழ் பேசும் சனம் இருந்தது. அவர்களிடம் அவர் வாயைத் திறந்தார். அவ்வளவுதான் ரகசியம்.

உடம்புக்கு என்ன லாபம் என்கிறீர்களா? ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள், மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசியவர்களுக்கு அந்நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதமாகவே தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அவர்கள் அன்றாடம் இரு மொழியில் புழங்கியவர்கள். ஐம்பதுக்கு மேல் புதிதாகப் படிப்பவருக்கும் அதே பலன் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

"வல்லாரை சாப்பிட்டா மொழி வருமா?" என்றும் கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் சொல்கிறேன்: எந்த லேகியமும் ஸ்பானிஷ் பேசாது! தினம் இருபது நிமிடம் வாய்விட்டுப் பேசுங்கள். திருத்த ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் நன்றாகத் தூங்குங்கள். தமிழில் பேசினாலே சரியாகக் காதில் விழவில்லை என்றால், முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

"பேரன் தமிழ் படிக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்பது நியாயம். படிக்கத்தான் வேண்டும். தாத்தா அவன் பக்கம் நாலடி நடந்தால், அவன் நம் பக்கம் ரெண்டடி வருவான்.

போன வாரம் அவனாகவே தமிழில், "தாத்தா, எனக்குக் கலப்பையா இருக்கு!" என்றான். களைப்பைத்தான் சொன்னான்.

இந்தத் தடவை சிரித்தது நான்.