இலையின் அடிப்புறம்

தம்மம்பட்டியிலிருந்து ஒரு குடும்பத்தலைவி எழுதியுள்ள கடிதம் நீண்டது. அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகின்றோம். ஒன்றரை ஏக்கர் நிலத்தில் தை மாதம் நட்ட குச்சிக்கிழங்கு. வீட்டுக்குப் பின்னே கொல்லையில் கத்தரியும் வெண்டையும். மாதா சுரூபத்துக்கு மாலை கட்டவென்றே வளர்த்துவரும் குண்டுமல்லிச் செடிகள் நான்கு. பங்குனி வெயில் ஏறியதும் கிழங்குச் செடியின் அடி இலைகள் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிப் புள்ளி விழுந்து, பின் மஞ்சளாகி, துரு ஏறிய நிறமாகி உதிரத் தொடங்கின. அவருடைய கணவர், கடையில் கொடுத்த மருந்தை இருமுறை அடித்தார். இலை உதிர்வது நிற்கவில்லை. கொல்லையிலும் அதே நோய் கண்டது. இரண்டாம் முறை அடித்த அன்று மாலை அவர் தலைச்சுற்றலும் வாந்தியுமாய்ப் படுத்துவிட்டார். இப்போது கடைக்காரர் இரண்டு மருந்துகளைக் கலந்து அடிக்கச் சொல்லியிருக்கின்றார். "வேண்டாம் என்று நான் தடுத்தால், சங்கக் கடனை நீ கட்டுவாயா என்று கேட்கிறார். பிள்ளைகள் கொல்லையில் விளைகிற கத்தரிக்காயைத்தான் தின்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும், ஐயா?" என்று கடிதத்தை முடித்திருக்கின்றார் அந்தச் சகோதரி.

அந்தக் கலவையை அடிக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகின்றோம். காரணங்களைப் பின்னர் சொல்கின்றோம். மருந்து அடித்தபின் தலை சுற்றி வாந்தி வருமாயின் அது பித்தமன்று, வெயிலின் கொடுமை மட்டுமென்றும் எண்ணிவிடலாகாது. உடுத்திய துணியைக் களைந்து, சோப்பிட்டு உடலைக் கழுவி, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். எந்த மருந்து என்பதைப் புட்டியின் சீட்டுத்தான் மருத்துவருக்குச் சொல்லும். மீதமிருக்கும் மருந்தை அரிசிப் பானையிருக்கும் அறையில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை இன்றே ஒழித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

இனி, இலைகளை உதிர்த்த பிராணியைப் பார்ப்போம். ஒரு வெள்ளைத் தாளை, பழைய பங்கு நாட்காட்டியின் பின்பக்கமானாலும் போதும், வாடிய இலைக்குக் கீழே பிடித்து இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தூசி போன்ற துகள்கள் விழும். சற்றுப் பொறுத்தால் அத்தூசிகளிற் சில நகரக் காண்பீர்கள். அவையே செஞ்சிலந்திப் பேன்கள், சுருக்கமாகச் செம்பேன். ஒன்றின் நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பெயரில் பேன் என்றிருப்பினும் அது பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்கு ஆறு கால். வளர்ந்த செம்பேனுக்கு எட்டு. சிலந்தியும் தேளும் மாட்டுண்ணியும் அதன் சுற்றத்தார். இலையின் அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை கட்டி, அதன் மறைவிலிருந்து சாற்றை உறிஞ்சும். மேலே நின்று பார்ப்பவர்க்கு இலை வெளிறியது மட்டுமே தெரியும், குடியிருப்போர் தெரியார்.

கோடை வெப்பத்தில் முட்டை பொரிந்து, வளர்ந்து, தானும் முட்டையிட அதற்கு எட்டுப் பத்து நாட்களே வேண்டும். ஒரு பெண்பேன் தன் வாழ்நாளில் நூறு முட்டை வரை இடும். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அவை அனைத்தும் ஆணாகவே பொரியும். ஆகவே ஒரே ஒரு பெண் காற்றில் நூலோடு பறந்து வந்து ஓரிலையில் இறங்கினாலும் ஒரு குலம் தோன்றிவிடும். வெப்பமும் வறட்சியும் புழுதியும் இதற்கு உகந்தவை. மண் சாலையோரத்துச் செடிகளில் முதலில் பேன் தோன்றுவதன் காரணம் இதுவே.

இவ்வளவு சிறிய பிராணி மருந்துக்கு அஞ்சாததேன்? கடையில் கிடைக்கும் பூச்சிமருந்துகளிற் பல, பூச்சிகளைக் கொல்லச் செய்யப்பட்டவை. செம்பேனை அவை பெரிதாகத் தீண்டுவதில்லை. ஆனால் செம்பேனைத் தின்று வாழும் உயிர்களை அவை கொன்றுவிடுகின்றன. கடுகளவேயுள்ள ஒரு கருநிறப் பொறிவண்டு, அதன் புழு, பேரிக்காய் வடிவில் பளபளப்பாயிருந்து விரைந்தோடும் வேட்டைப் பேன் ஆகியவை யாவும் அதே இலையின் அடிப்புறத்தில் இராப்பகலாக நமக்கு ஊழியம் செய்பவை. மருந்து அடித்த மறுநாள் காவலர் இறந்து கிடக்கக் கள்வர் மட்டும் உயிரோடிருப்பர். சில மருந்துகள் பட்ட பின் செம்பேன் முன்னிலும் அதிகமாக முட்டையிடுவதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். மருந்துக்குத் தப்பிய சிலவற்றின் மக்கள் மாதத்துக்கு மூன்று தலைமுறையாகப் பெருகுவதால், அடுத்த முறை அம்மருந்து பயனற்றுப் போகின்றது. தங்கள் கணவர் ஏமாந்தது மருந்தின் அளவில் அன்று, சகோதரி. அவர் சரியான அளவிலேயே அடித்திருக்கலாம்.

இது தம்மம்பட்டிக்கு மட்டும் நேர்ந்ததன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆப்பிள் தோட்டக்காரர் செம்பேனை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. போருக்குப் பின் டி.டி.டி. பரவலாகத் தெளிக்கப்பட்ட பிறகே அது பெருங்கொள்ளையாயிற்று. அதனை அடக்க வந்த டைக்கோஃபால் என்னும் மருந்தோ டி.டி.டி.யின் நெருங்கிய உறவு. மண்ணிலும் உயிர்களிலும் நெடுநாள் தங்குவதால் 2019 ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2023 இல் இந்திய அரசும் தடை விதித்தது. பழைய புட்டி எவர் வீட்டிலேனும் இருந்தால் அதை எடுத்து அடிக்கவேண்டாம்.

குச்சிக்கிழங்கின் இயல்பைச் சற்றே சொல்லியாகவேண்டும். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே சுவேதா நதிக் கரையிலுள்ள தம்மம்பட்டி வட்டாரத்தாருக்கு இப்பயிரைப் பற்றி நாம் பாடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனினும் ஒன்று: மலாயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி போரினால் நின்றுபோன காலத்தில், 1943 ஆம் ஆண்டில் சேலத்தில் தொடங்கிய இத்தொழில், கிழங்கை எடையால் மட்டும் மதிப்பதில்லை; மாவுச்சத்தின் 'பாயிண்ட்' பார்த்தே விலை வைக்கின்றது. கோடையில் இலை உதிர்ந்த செடி மழை கண்டதும் மீண்டும் தழைக்கும். புதிய இலை விடுவதற்கு அது கிழங்கில் சேர்த்த மாவையே செலவிடும். ஆகவே நட்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் தை மாதம் நட்ட பயிருக்கு அறுவடைக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. தென்மேற்குக் காற்றோடு வரும் மழை செம்பேனை அடித்துக் கழுவிவிடும். மருந்துக்குச் செலவிடும் தொகையையும் அதனால் மீளும் பாயிண்ட்டையும் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பார்க்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். கடனைப் பற்றிக் கேட்டவருக்குக் கணக்கே நல்ல மறுமொழி.

ஆப்பிரிக்காவில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல விரும்புகின்றோம். அங்கே மரவள்ளியே கோடிக்கணக்கான ஏழைகளின் அன்றாட உணவு. 1971 ஆம் ஆண்டில் உகாண்டாவில், தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பச்சைப் பேன் மரவள்ளியில் காணப்பட்டது. சில ஆண்டுகளில் கண்டத்தின் குறுக்கே பரவிற்று. ஏழைக் குடியானவன் ஏக்கர் கணக்கில் மருந்தடிப்பது ஆகாத காரியம். ஆராய்ச்சியாளர் அப்பேனின் தாயகத்துக்கே சென்று தேடினர். பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவந்த வேட்டைப் பேன் ஒன்று 1993 இல் பெனின் நாட்டு வயல்களில் விடப்பட்டது. மரவள்ளியின் கொழுந்திலேயே குடியிருந்து, இரவில் இறங்கி இலைகளில் வேட்டையாடும் அச்சிறு பிராணி தானாகவே நாடுவிட்டு நாடு பரவிப் பச்சைப் பேனை அடக்கியது. ஒரு துளி மருந்தும் செலவில்லை.

இதைப் போன்றதொரு காட்சி நம் வாசகியின் ஊருக்கு அருகிலேயே நடந்தது. 2020 இல் கேரளத்தில் தோன்றிய மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் வயல்களைப் பாழாக்கியபோது, பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிவள நிறுவனத்தார் பெனினிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து வளர்த்து, 2022 மார்ச் மாதத்தில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் உழவர் முன்னிலையில் வெளியிட்டனர். மாவுப்பூச்சி வேறு, செம்பேன் வேறு. அக்குளவி செம்பேனைத் தொடாது. ஆனால் பேனுக்காக அடிக்கும் மருந்து அக்குளவியையும் கொல்லும் என்பதை ஏத்தாப்பூருக்கு இத்தனை அருகிலிருப்போர் மறக்கலாகாது.

செய்யவேண்டியவற்றுக்கு வருவோம். கொல்லைச் செடிகளுக்குத் தண்ணீரே முதல் மருந்து. அதிகாலையில், குழாயிலோ கைத்தெளிப்பானிலோ, இலையின் அடிப்புறம் படும்படி வேகமாக நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மேலே கொட்டினால் பயனில்லை. மூன்று நாட்களுக்கு ஒருமுறையாக இரண்டு வாரம் தொடரவேண்டும். முதல் நாள் முட்டையாயிருந்தது அடுத்த வாரம் பேனாகி நிற்குமாதலால் ஒருநாட் கழுவல் போதாது. மிகவும் கெட்ட இலைகளைக் கிள்ளிக் கூடையிலே போட்டு எரித்துவிடுங்கள். செடியடியில் போட்டால் மீண்டும் ஏறும். ஆழ்துளைக் கிணறு வற்றும் காலத்தில் இத்தனை தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அரிசியும் காய்கறியும் கழுவிய நீரை வடிகட்டிப் பயன்படுத்தினாலும் நான்கு மல்லிகைக்கும் பத்துக் கத்தரிக்கும் போதும்.

கழுவியும் அடங்காவிடில் வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பு என்ற கணக்கில் இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, சிறிதளவு காதி சோப்பு கரைத்துச் சாயங்காலத்தில் அடியிலைகள் நனையத் தெளிக்கவேண்டும். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம் பழத்தைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்திருப்போர்க்கு இதற்குச் செலவே இல்லை. ஓராண்டுக்கு மேல் பழகிய கொட்டையில் வீரியம் குறைந்துவிடும். இதற்கும் அடங்காதபோது நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம். கொளுத்தும் வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கும். பூசணி, பீர்க்கு போன்ற கொடிகளுக்கு ஆகாது. எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது. அது வேட்டைப் பேனுக்கும் ஓரளவு தீங்குதான். ஆகவே அதைக் கடைசியில் வைத்தோம்.

ஒன்றரை ஏக்கர் கிழங்கை யாரும் குழாயால் கழுவ முடியாது. அங்கே முதலில் தண்ணீர் பாய்ச்சும் முறை தவறாமலிருக்கவேண்டும். வாடிய செடியைத்தான் செம்பேன் முதலில் வீழ்த்தும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிகுந்த இலை பேனுக்கு விருந்து. வாரம் ஒருமுறை வரப்போரமும் சாலையோரமும் நடந்து, பத்துச் செடிகளின் அடி இலைகளைத் திருப்பிப் பாருங்கள். நோய் கண்ட பகுதிக்கு மட்டும் 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு என்ற விகிதத்தில் தெளித்தால் போதும். அதற்கும் மிஞ்சினால், வேளாண் அலுவலரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டி, பேனுக்கென்றே உள்ள மருந்தை, கிழங்குக்கு ஏற்றதாய், ஒருமுறை மட்டும் கேட்டு வாங்குங்கள். இலையைக் காட்டாமல் மருந்து கேட்பது நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வைத்தியரிடம் போவதாகும். அடுத்த நடவுக்குக் குச்சி வெட்டும்போது பேன் பிடித்த செடியில் வெட்டலாகாது. ஏற்கெனவே மருந்தடித்த கத்தரியைப் பொறுத்தவரை, புட்டிச் சீட்டில் குறித்த நாட்கள் கழியும் வரை காயைப் பறித்துப் புதைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் வேண்டாம், ஆட்டுக்கும் வேண்டாம்.

களைகளைப் பிடுங்கப் போன வேலைக்காரரைத் தடுத்து நிறுத்திய நிலக்கிழாரின் உவமையைப் பூசையில் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். கோதுமையும் கூடப் பிடுங்கப்படுமே என்பது அவர் கவலை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆம் ஆண்டின் 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலின் 34 ஆம் எண்ணில் இதையே வயலுக்குப் பொருத்திச் சொல்கின்றார்: நச்சு மருந்தால் மடியும் பறவைகளும் பூச்சிகளும் உழவுக்கே துணையாய் இருந்தவை என்கின்றார். மே 15 ஆம் நாள் உழவர் புனித இசிதோரின் திருநாள். அன்று பங்குக் குருவை வயலை மந்திரிக்க அழைப்போர், அப்படியே நான்கு இலைகளைத் திருப்பிக் காட்டவும் செய்யலாம். மனைவி சொல்லிக் கேளாத கணவர் சுவாமியார் முன்னிலையில் குனிந்து பார்ப்பார். இது நம் அனுபவம்.

மல்லிகையைப் பற்றி ஒரு சொல். அதன் இலையிலும் தண்டிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் படர்ந்திருந்தால் அது செம்பேனன்று. மல்லிகைக்கென்றே உள்ள வேறொரு பேன். கழுவினால் போகாது. அக்கிளைகளை வெட்டி எரித்து, மாலையில் கந்தகம் தெளியுங்கள். வெறும் புள்ளி விழுந்து வெளிறியிருந்தால் தண்ணீரே போதும். வணக்க மாதம் முடியும் வரை பூப்பறிக்கும் செடிக்கு வேறெதுவும் அடிக்காதீர்கள். மாலை கட்டும்போது நாரைப் பல்லால் கடிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். தாளில் தட்டியபோது என்ன விழுந்தது, விரைந்தோடும் பளபளப்பான பேன் ஏதேனும் அதில் இருந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.