அடுக்களைச் சீர்திருத்தம்

பண்டிகை நெருங்கினாலும், கலியாணம் நிச்சயமானாலும், நம் குடும்பங்களில் வெள்ளையடிக்கும் பேச்சு தானாகவே எழுந்துவிடுகிறது. முன்கூடத்துக்கு எந்த வர்ணம், வாசற்கதவுக்கு எந்த வர்ணம் என்று வீட்டார் கூடி நெடுநேரம் விவாதிக்கிறார்கள். அடுக்களையின் முறை வரும்போது பணம் தீர்ந்துவிடுகிறது, அல்லது, "அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று ஒரு கேள்வி பிறந்து விஷயத்தை முடித்து வைக்கிறது. தினந்தோறும் நாலைந்து மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதும், அவரை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை என்பதும் அப்போது ஒருவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கொட்டாரம் என்னும் சொல்லுக்கு அரண்மனை என்று பொருள். ஆனால் இந்த ஊரிலும் இதைச் சூழ்ந்த நாஞ்சில் நாட்டுக் கிராமங்களிலும் இன்று இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை வீடுகளே. ஒன்று பழைய ஓட்டு வீடு; அதன் அடுக்களை விசாலமானதுதான், ஆனால் பகலிலும் விளக்குப் போட்டால்தான் உப்பும் சீனியும் வேறுவேறென்று தெரியும். மற்றொன்று கான்கிரீட் வீடு. வெளிச்சம் உண்டு, இடம் இல்லை. மேடையோ கொத்தனார் தம் உயரத்துக்கு அளந்து கட்டியது. இவ்விரண்டையும் சீர்ப்படுத்துவதாகச் சொல்லி, அலமாரிகளும் இழுப்பறைகளும் அடங்கிய "மாடுலர் கிச்சன்" விளம்பரங்கள் இப்போது தவணை முறையுடன் வந்து சேருகின்றன. அவற்றை வாங்க முடிந்தவர்களை நாம் தடுக்கவில்லை. ஆயினும் மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் அதற்காகக் கடன்பட வேண்டிய அவசியம் யாதொன்றும் இல்லை. முதலில் காற்று, பிறகு வெளிச்சம், பிறகு உயரம், பிறகு சாமான்களின் இடம், எல்லாவற்றுக்கும் கடைசியில் அலங்காரம் என்ற வரிசையில் செலவு செய்தால், முதல் நான்கும் மிகக் குறைந்த தொகையில் முடிந்துவிடும். கடைக்காரர் தொடங்குவது அந்தக் கடைசியிலிருந்து.

காற்றை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. விறகு, வரட்டி முதலியவற்றின் புகையும், வீட்டுக்குள் உண்டாகும் இத்தகைய மாசும் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் அகால மரணங்களுக்குக் காரணமாயின என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இது நம் தேசத்துக்குப் புதிய கவலை அல்ல. காந்தியடிகளின் யோசனைப்படி 1934இல் தொடங்கி வார்தாவில் நிலைகொண்ட அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அச்சங்கத்தார் காகிதத்தில் காட்டிய சிரத்தையை அடுப்பிலும் காட்டினார்கள். 'மகன் சுல்ஹா' என்று பெயர் பெற்ற அந்த மண் அடுப்பில் புகை ஒரு குழாய் வழியே வெளியேறும். 1980களில் அரசாங்கமும் இதே நோக்கத்துடன் திருத்திய அடுப்புகளை நாடெங்கும் பரப்பியது. அவற்றில் பல சில வருஷங்களில் கைவிடப்பட்டன. புகைக்குழாயை அவ்வப்போது துடைக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தருவார் இல்லாமையும், சமைப்பவரின் பாத்திரத்துக்கும் அடுப்பின் வாய்க்கும் பொருந்தாமையும் அதற்குக் காரணங்களாயிருந்தன.

இப்போது கொட்டாரத்தில் வாயு அடுப்பு இல்லாத வீடு அரிது. என்றாலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் பின்கட்டில் விறகடுப்பு எரிகிறது. தென்னந்தோப்புள்ள ஊரில் கொதும்பையும் மட்டையையும் சிரட்டையையும் எறிந்துவிட யாருக்கு மனம் வரும்? அந்த அடுப்பை அடுக்களையின் சுவருக்கு வெளியே, தாழ்வாரத்தில் வைத்துவிடுவது செலவில்லாத சீர்திருத்தம். உள்ளேயிருக்கும் காற்றுத்துளையின் வலையில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்து அடைத்திருக்கும். அதைக் கழற்றிச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால், மின்சார விசிறி வாங்கும் யோசனையைப் பல வீடுகளில் ஒத்திவைக்கலாம். நம் பக்கத்தில் இன்னொரு விசேஷம், ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று. மேற்கு ஜன்னலை அடுத்து அடுப்பிருந்தால் சுடர் சாய்ந்து வாயு வீணாகும். ஜன்னலை முற்றும் மூடிவிடுவது தவறு. கீழ்க்கதவை மூடி மேற்கதவைத் திறந்துவைக்க வேண்டும்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகையால் 14.2 கிலோ உருளையைப் பள்ளத்திலோ துளையில்லாத அலமாரியிலோ வைக்கலாகாது. நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர்க் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம். இதில் சிக்கனம் பார்ப்பவரைச் சிக்கனக்காரர் என்று சொல்ல முடியாது.

வெளிச்சத்துக்கு வருவோம். ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இது மிகச் சுலபம். அடுப்புக்கு நேர்மேலே அல்லாமல், காய் நறுக்கும் இடத்துக்கு மேலாக ஓரிரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டால், பகல் முழுதும் விளக்குக்கு வேலையில்லை. அடுத்தது சுண்ணாம்பு. கடையிலே டப்பாவில் வரும் வர்ணங்கள் மலிந்த பிறகு சுண்ணாம்பை ஏழை வீட்டுப் பூச்சென்று எண்ணத் தலைப்பட்டார்கள். உண்மையில் ஈரமும் புகையும் உள்ள அறைக்கு அதைவிட ஏற்றது இல்லை. நீற்றின சுண்ணாம்பு சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக இறுகுகிறது. அதன் காரம் பூஞ்சணத்தை வளரவிடுவதில்லை. சுவரும் மூச்சு விடுகிறது. முதல் நாள் நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால்போல நீர்க்கக் கரைத்து, சிறிது அரிசிக் கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுவரைத் துடைத்துப் பிசுக்கு நீக்கி, நீர் தெளித்து நனைத்த பின்பே பூச வேண்டும். ஒரே பூச்சாகத் தடிப்பாக அப்பினால் உதிரும். மெல்லியதாக மூன்று தடவை பூசினால் நிற்கும். முன்பு எண்ணெய் வர்ணம் அடித்த சுவரில் இது பிடிக்காது. கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு உண்டாகுமாதலால் குழந்தைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது உத்தமம். அடுப்புக்குப் பின்னால் தாளிதம் தெறிக்கும் இடத்துக்கு மட்டும் கடையில் மிஞ்சிய ஓட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கி ஒட்டலாம்; அவை ஒரே நிறமாக இருக்க வேண்டுமென்று சட்டம் எதுவும் இல்லை.

அடுக்களையை அளந்து திட்டமிட்டுக் கட்டலாம் என்ற எண்ணத்தை உலகுக்குக் காட்டியவர்களுள் ஆஸ்திரியா தேசத்துச் சிற்பி மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி முக்கியமானவர். தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அவர் 1926இல் வகுத்த பிராங்பர்ட் அடுக்களை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே உடையது. ரயில் வண்டியின் சமையலறையைப் பார்த்து அமைத்தது. சுமார் 10,000 வீடுகளில் கட்டப்பட்டது. பருப்புக்கும் அரிசிக்கும் பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள், புழு அணுகாதபடி மாவுக்குக் கருவாலி மரத்துப் பெட்டி என்று ஒவ்வொன்றும் கை நீட்டினால் எட்டும். அந்தச் சிற்பிக்கு அதுவரை சமைத்துப் பழக்கமில்லை என்பது வேடிக்கை. ஆனால் அந்த அறையில் ஒருவர்தான் நிற்க முடியும். மாமியார் தேங்காய் துருவ, மருமகள் தாளிக்க, பேரப்பிள்ளை முருங்கைக்கீரை உருவ, நாலு பேர் கூடி அவியல் செய்யும் வீட்டுக்கு அது பொருந்தாது. அவருடைய அளவுகளை விட்டுவிட்டு, அளந்து பார்க்கும் வழக்கத்தை மாத்திரம் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அளக்க வேண்டியது முழங்கையை. நிற்கும்போது முழங்கை மடியும் இடத்திலிருந்து நாலைந்து அங்குலம் தாழ்ந்த மேடையே நறுக்குவதற்கு ஏற்றது. அடுப்பின் மேல் பாத்திரம் ஏறுவதால் அடுப்பு மேடை இன்னும் சற்றுத் தாழ்வாக இருக்கலாம். மேடை உயரமாயிருந்தால் இடித்துக் கட்ட வேண்டாம். ஆடாத மரப்பலகை ஒன்றைக் காலடியில் போட்டால் போதும். மேடை தாழ்வாயிருந்தால், நறுக்கும் பலகைக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தலாம். பக்கத்து மயிலாடியில் கொத்திய அம்மி பல வீடுகளில் புறவாசலில் மழையில் நனைகிறது. அதை உள்ளே திண்டின் மேல் ஏற்றி வைத்தால், மிக்ஸியை எடுத்துக் கழுவிக் கவிழ்க்கும் நேரத்துக்குள் ஒரு கைத் துவையலை அரைத்துவிடலாம், குனியவும் வேண்டாம்.

இனிச் சாமான்கள். ஒரு விடுமுறை நாளில் அடுக்களையிலுள்ள அனைத்தையும் வெளியே எடுத்து முற்றத்தில் வைக்க வேண்டும். அந்தக் காட்சியே ஒரு பாடம். மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள், கலியாண வீடுகளில் கொடுத்த ஒரே மாதிரியான எவர்சில்வர்த் தட்டங்கள்! தினமும் வேண்டியவை, வாரம் ஒருமுறை வேண்டியவை, வருஷத்தில் ஓரிரு நாள் வேண்டியவை என்று மூன்று குவியலாகப் பிரித்தால், மூன்றாவதே பெரிதாக இருக்கக் காணலாம். உருளியும் நிலவாயும் பெரிய சருவங்களும் பரணுக்குப் போகட்டும். தினமும் வேண்டியவை தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே, பயன்படும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும்: துருவலக்குத்தியின் அருகே தேங்காய்க் கூடை, அடுப்பின் அருகே ஐந்தறைப் பெட்டி, கழுவும் தொட்டியின் அருகே சோற்றுப் பானை.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள், ஆயிரம் பேர் உண்ணத்தக்க ஊட்டுப்புரையையும் அங்குள்ள பெரிய ஊறுகாய்ப் பரணிகளையும் கண்டு வியக்கிறார்கள். வீடு திரும்பி, பாட்டி காலத்துப் பரணியைச் சிமெண்டுத் தூள் போட்டு வைத்திருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை. உப்பும் புளியும் ஊறுகாயும் இருக்க அதுவே இடம். இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டமாதலால் நம் உப்பு கசியும், மிளகாய் பூக்கும். சித்திரை வெயிலில் பருப்பு, மல்லி, வற்றல்களை நன்றாகக் காயவைத்து, ஆறிய பின்பே அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். உப்பில் உலோகக் கரண்டி வேண்டாம், சிரட்டை அகப்பை போதும். உள்ளிக்கும் பூண்டுக்கும் காற்றுப் புகும் பனையோலைப் பெட்டியே சிறந்தது. எல்லாருடைய வீட்டிலும் மிஞ்சியிருக்கும் பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடிக் குப்பிகள், ஒரே அளவானவையாய் அலமாரியில் நிற்கும்போது, விலைகொடுத்து வாங்கிய வரிசைகளுக்கு இளைத்தவையல்ல.

ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பழக்கம் என்று நகைப்பவர்கள் நகைக்கலாம். எந்தப் பொருள் எங்கே என்பது ஒருவர் மனத்தில் மட்டும் இருக்கும் வரையில், அவர் காய்ச்சலில் படுத்தாலும் அடுக்களையை விட்டு அவருக்கு விடுதலை கிடையாது. படுக்கையிலிருந்தே, "இரண்டாவது தட்டில், இடது கோடியில்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சீட்டு ஒட்டிய அடுக்களையில் கணவருக்கும் பத்து வயதுப் பையனுக்கும் சாக்குச் சொல்ல இடமில்லை. காப்பித்தூள் அவர்கள் கண்ணெதிரே இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கையில் சிறிது பணம் மிஞ்சினால், திரைச்சீலை வாங்காமல் ஒரு முக்காலி செய்விக்கலாம். பழைய கதவுப் பலகை இருந்தால் தச்சருக்குக் கூலி மட்டுமே செலவு. அதன் உயரத்தைத் தச்சரின் ஊகத்துக்கு விடாமல், அதில் உட்கார்ந்து கீரை ஆயப்போகிறவரையே நேரில் உட்காரவைத்து அளந்துகொள்ள வேண்டும்.