டிஃப்ராக் பண்ணாதீங்க சாமி!

"பிடிஆர்எஃப்எஸ் போட்டிருக்கியா? வாராவாரம் டிஃப்ராக் ஓட விடு, சும்மா பறக்கும்!" இப்படி இலவசமா அறிவுரை சொல்ற புண்ணியவான்கள் ஊருக்கு நாலு பேர் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. இது விண்டோஸ் 98 காலத்துப் பழக்கம் மக்கா, இங்க வேலைக்காகாது.

மொதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்குவோம். காப்பி-ஆன்-ரைட்னா, பழைய எழுத்தை ரப்பர் வெச்சு அழிக்காத கணக்குப்பிள்ளை மாதிரி. ஒரு வரி மாறினா புதுப் பக்கத்துல எழுதிட்டு, பொருளடக்கத்தை மட்டும் திருத்துவார். அதனாலதான் ஸ்னாப்ஷாட் நொடியில எடுக்க முடியுது. அதனாலதான் ஃபைலும் துண்டு துண்டா சிதறுது. ரெண்டும் ஒரே நாணயத்தோட ரெண்டு பக்கம்.

இப்ப டிஃப்ராக் பண்ணினா என்ன ஆகும்? ஃபைல் மொத்தமா புது இடத்துல எழுதப்படும். பழைய துண்டுகளை ஸ்னாப்ஷாட் கெட்டியா பிடிச்சிருக்கும். ஒரு காப்பி இருந்த இடத்துல ரெண்டு! ஸ்னாப்ஷாட்டை மதிச்சு டிஃப்ராக் பண்ற வசதி 2013ல கர்னல் 3.9ல வந்துச்சு, தாங்காம 2014லயே எடுத்துட்டாங்க.

நானும் பட்டவன்தான். 500 ஜிபி டிஸ்க், 320 ஜிபி நிரம்பியிருந்துச்சு. அதுல 220 விஎம் இமேஜ். 14 ஸ்னாப்ஷாட். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி டிஃப்ராக் போட்டுட்டுத் தூங்கப் போனேன். 320ம் 220ம் 540னு கூட்டத் தெரியாத இன்ஜினியர்! காலையில டிஸ்க் ஃபுல். ஒரு ஸ்னாப்ஷாட்டை அழிச்சும் இடம் வரலை, ஏன்னா மத்த 13ம் அதே பழைய துண்டுகளைப் பிடிச்சிட்டிருந்துச்சு. கடைசியில 14ம் போச்சு. ரெண்டு வாரம் முன்னாடி நான் மேலெழுதிட்ட கோடும் அதோட போச்சு.

அடுத்த கோஷ்டி: "எல்லாத்துக்கும் சேட்டர் +சி போடு." போடலாம், ஆனா செக்சம் போயிடும், கம்ப்ரஷனும் போயிடும். ரெய்டு 1ல ரெண்டு டிஸ்க்கும் வேற வேற சொன்னா எது நிஜம்னு சொல்ல ஆளே இல்லை. அப்புறம் எதுக்கு பிடிஆர்எஃப்எஸ்? தவிர, ஏற்கனவே எழுதின ஃபைலுக்கு அது வேலை செய்யாது. காலி ஃபைலுக்குத்தான் போடணும், இல்லாட்டி ஃபோல்டருக்குப் போட்டுட்டு உள்ள புதுசா காப்பி பண்ணணும்.

"அப்ப சுழலுற ஹார்ட் டிஸ்க்ல என் விஎம் நத்தை மாதிரி ஊருதே?" நியாயமான கேள்வி. விஎம்மையும் டேட்டாபேஸையும் தனி சப்வால்யூம்ல வைங்க. மேல எடுக்கற ஸ்னாப்ஷாட் அதுக்குள்ள போகாது. அங்க மட்டும் +சி. போஸ்ட்கிரெஸ்க்கு அதோட சொந்த செக்சம் இருக்கு, அதை ஆன் பண்ணுங்க. இல்லையா, ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷன்ல போட்டுட்டு நிம்மதியா இருங்க.

ஃபைல்ஃப்ராக் காட்டற எண்ணிக்கையைப் பார்த்து அலறவும் வேண்டாம். கம்ப்ரஸ் ஆன ஃபைலை அது 128 கேபி துண்டா எண்ணும். ஒழுங்கா அடுக்கின 1 ஜிபி ஃபைலுக்கே 8192 வரும்.

சிதறல் நோய் இல்லைங்க, வாடகை. ஸ்னாப்ஷாட் வேணும்னா வாடகை குடுத்துத்தான் ஆகணும்.

டிஸ்கி: ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. இதையும் அந்த சனிக்கிழமைதான் கத்துக்கிட்டேன்.