சீதன உறுதியா, மரண சாசனமா?

மரண சாசனம் எழுதுவது அபசகுனம் என்று எம்மவர் அஞ்சுகின்றனர். அதே மனிதர், மகளின் கலியாணம் பொருந்திய மறுவாரமே நொத்தாரிசு முன்னிலையில் அமர்ந்து, வீடும் வளவும் வயலும் எழுதிக் கைச்சாத்திடத் தயங்குவதில்லை. உண்மையில் அவர் எழுதுவதும் மரண சாசனந்தான். உயிரோடு இருக்கும்போதே அமுலுக்கு வரும் மரண சாசனம்!

இரண்டுக்கும் உள்ள பேதத்தை எம் மக்கள் உணர வேண்டும். 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி எழுதும் மரண சாசனத்தை எழுதியவர் தம் இறுதி மூச்சு வரை மாற்றலாம், கிழித்தெறியலாம். சீதன உறுதியோ மகள் ஏற்றுக்கொண்ட பின்னர் பெற்றோரின் விருப்பப்படி மீளாது. ஒரு மாதப் பேச்சுக்காலில், மாப்பிள்ளை வீட்டாரின் அவசரத்தில், ஓர் ஆயுட்காலத் தேட்டம் கைமாறிவிடுகிறது.

தேசவழமையைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலியார்கள் ஒப்பிய அந்த வழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என ஆதனத்தை வகுத்தது. சீதனம் பெண்ணின் சொத்து. அதைப் பெற்றவள், உடன்பிறந்தார் இருக்கப் பெற்றோரின் மிச்ச ஆதனத்தில் பங்கு கேளாள் என்பது பொதுவிதி. ஆகவே சீதனம் வெறும் அன்பளிப்பன்று. அதுவே அவளது பாகப்பிரிவினை. அது பிழைத்தால் அவளுக்கு வேறு பங்கில்லை.

இன்று நடப்பதென்ன? காணியில் பாதியை மாப்பிள்ளையின் பெயரிலும் எழுதும்படி கேட்கிறார்கள். ‘டொனேசன்’ என்னும் காசு மாப்பிள்ளையின் பெற்றோர் கைக்குப் போய், அவர்களுடைய மகளின் சீதனமாக மறுவீடு புகுகிறது. எந்த உறுதியிலும் அக்காசுக்கு ஒரு வரி இல்லை. பெண்ணின் பங்கு என்று கொடுத்த காசு பெண்ணிடம் இல்லை. இது வழமையா, வழிப்பறியா?

பெண்ணின் பெயரில் எழுதிய காணியேனும் அவள் கையில் உண்டா? 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அக்காணி அவளது தனிச்சொத்து என்கிறது. கணவனின் கடனுக்கு அது பொறுப்பன்று என்றும் சொல்கிறது. அடுத்த மூச்சில், கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி அதை விற்கவோ ஈடுவைக்கவோ கூடாது என்கிறது! அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றின் படியேற வேண்டும். கணவனுக்கோ தன் முதுசத்தை விற்க மனைவியின் கைச்சாத்துத் தேவையில்லை. மொழியுரிமைக்கும் மண்ணுரிமைக்கும் குரலெழுப்பும் இனம், தன் வீட்டுப் பெண்ணின் மண்ணுக்கு மட்டும் வாய்மூடி இருக்கலாமா?

“இப்படி நிபந்தனை போட்டால் மாப்பிள்ளை கிடைப்பாரா?” என்பர். எட்டுப் பரப்புத் தோட்டக்காணியும் மூன்று பெண்களும் உடைய கமக்காரனை எண்ணிப் பாருங்கள். மூத்தவளுக்கே முழுவதையும் எழுதினால் இளையவர்கள் கதியென்ன? கிழவனும் கிழவியும் யார் திண்ணையில் ஒதுங்குவர்? தம் காணியில் தாமே குடியிருக்க மருமகனின் முகம் பார்க்கும் பெற்றோரை நாம் நீதிமன்ற வாசலில் கண்டிருக்கிறோம். ஊருக்கு ஊர் பெற்றோர் ஒன்றுபட்டு ஒரே நிபந்தனையை முன்வைத்தால், மாப்பிள்ளை வீட்டார் எங்கே போய்விடுவர்?

ஆகவே நாம் சொல்வன நான்கு. உறுதியில் பெற்றோருக்குச் சீவிய உரித்தை ஒதுக்கியே எழுதுங்கள். காணியை மகளின் பெயரில் மட்டும் எழுதுங்கள். காசு கொடுத்தே ஆகவேண்டுமாயின் அதுவும் அவள் பெயரில் வங்கியில் இருக்கட்டும், உறுதியிலும் பதியப்படட்டும். மற்றப் பிள்ளைகளின் பங்கைக் கணக்கிட்ட பின்னரே பேனையைத் தொடுங்கள்.

சட்டத்தரணிகளாகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. கொண்டுவந்த குறிப்பைப் படியெடுத்துக் கூலி வாங்குவது தொழிலன்று. கைச்சாத்திடுமுன் அதன் விளைவைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பதே தொழில். 6ஆம் பிரிவைத் திருத்தும்படி பாராளுமன்றத்தில் கேட்பது எம் பிரதிநிதிகளின் கடமை. அதுவரை, மகளை வாழவைக்க எழுதும் உறுதி, பெற்றோரை வீதியில் விடும் உறுதியாகாதிருக்கட்டும்.