பெட்டகத்துள் அகப்பட்ட திறவுகோல்

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆந் திகதி, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தாம் ஓர் இயக்க முறைமையைப் பொழுதுபோக்காகச் செய்து வருவதாக அறிவித்தார். லீனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் அவ்விளைஞருக்கு அப்பொழுது வயது 21. அவர் தொடக்கிய லினக்ஸின் மூல நிரல் எவர்க்கும் திறந்திருக்கின்றது. ஆதலின், ஆயத்தமாய்க் கிடைப்பதை ஏற்காது, ஒவ்வொரு பகுதியையும் தாமே கட்டிச் சேர்த்துத் தமக்கென ஒரு லினக்ஸை ஆக்கிக்கொள்ளும் மாணவர் பலர் உளர்.

அன்னாரைக் கலங்கவைக்கும் கட்டம் ஒன்றுண்டு. பல நாள் உழைப்பின் பின் கணினியை இயக்குவர். திரையிலே வரிகள் விரைந்தோடும்; திடீரென யாவும் நின்றுவிடும். வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியமும், அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்களுமே எஞ்சும். இதனைக் ‘கேர்னல் பானிக்’ என்பர். பானிக் என்றால் பீதி. கேர்னலின் பீதி காண்போரையும் தொற்றிக்கொள்ள, எல்லாம் அழிந்ததென்றெண்ணி வன்தட்டை முற்றாகத் துடைத்துவிடுவாரும் உளர். அதே தட்டில் தங்கையின் பாடக்குறிப்புகளும் குடும்பப் புகைப்படங்களும் இருந்தால் அவையும் உடன் ஒழியும். என்ன பரிதாபம்! கோப்புகள் அழிந்தன என அவ்வாக்கியம் எங்கே கூறிற்று? அவற்றைச் சென்றடைய வழி காணேன் என்றே அது முறையிடுகின்றது.

வழி ஏன் அடைபட்டது? கேர்னல் இயக்க முறைமையின் கருவாகும். வன்தட்டோடு தொடர்பு கொள்ள அதற்கு இயக்கி என்னும் நிரல் வேண்டும். தட்டில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கை அறிய, எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைக்குரிய நிரலும் வேண்டும். கேர்னலைக் கட்டும்போது இவற்றை ‘வை’ என்னும் எழுத்தால் கருவினுள்ளேயே சேர்க்கலாம். அன்றேல் ‘எம்’ என்னும் எழுத்தால் தனி மொடியூல்களாக்கித் தட்டிலே வைக்கலாம். பின்னதைத் தெரிந்தால், தட்டைத் திறக்கும் நிரல் தட்டினுள்ளேயே கிடக்கும். பெட்டகத்தின் திறவுகோலைப் பெட்டகத்துள் வைத்துப் பூட்டிய கதைதான்!

பரிகாரம் இரண்டு. அந்நிரல்களைக் கருவினுள் சேர்த்துக் கேர்னலை மீளக் கட்டுதல் ஒன்று. ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் சிறு கோப்புத் தொகுதியில் அவற்றை இட்டு, கேர்னலோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்றச் செய்தல் மற்றொன்று.

இனி, அவ்விரு எண்களைக் கவனிப்போம். (0,0) ஆயின், வேரெனக் குறித்த பிரிவைக் கேர்னல் காணவேயில்லை. இயக்கி இல்லாதிருக்கலாம், அல்லது பெயர் பிழைத்திருக்கலாம். (8,1) ஆயின், 8 என்பது சாட்டா முதலிய தட்டுகளைச் சுட்டும். 1 என்பது முதலாவது தட்டின் முதற் பிரிவு. தட்டு புலப்பட்டது, பெரும்பாலும் அதன் கோப்பு முறைமைதான் விளங்கவில்லை. இவ்வரிக்குச் சற்று மேலே, தான் கண்ட பிரிவுகளைக் கேர்னல் பட்டியலிட்டிருக்கும். உமது தட்டு அதில் இல்லையேல் இயக்கியைத் தேடுக. இருப்பின் பெயரையும் கோப்பு முறைமையையும் சோதிக்குக.

பெயரிலும் ஒரு நுட்பமுண்டு. வேர்ப் பிரிவை ‘யூயூஐடி’ என்னும் கோப்பு முறைமை அடையாளத்தாற் குறிப்பது பெருவழக்கு. இனிட்ராம்எஃப்எஸ் துணையின்றித் தனித்து நிற்கும் கேர்னல் அதனை அறியாது. பிரிவுக்குரிய ‘பார்ட்யூயூஐடி’ என்னும் அடையாளத்தையே அறியும்.

ஆகவே, துடைக்குமுன் செய்யத்தக்கன இவை. பென் டிரைவிலுள்ள வேறொரு லினக்ஸைக் கொண்டு கணினியை இயக்குக. பிரிவை வாசிப்பதற்கு மாத்திரம் ஏற்றி, அருமையான கோப்புகளைப் பிறிதோரிடத்திற் பிரதி செய்க. கோப்பு முறைமையைச் செப்பனிடும் ‘எஃப்எஸ்சிகே’ என்னும் நிரலை, ஏற்றப்பட்ட பிரிவின்மேல் ஒருபோதும் ஓட்டற்க. நல்ல கோப்புகளும் அதனாற் சிதையக்கூடும். பின்னர் ஆறுதலாகக் கேர்னலைத் திருத்துக. முன்பு ஒழுங்காக இயங்கிய கேர்னல் ஒன்று இருப்பின் அதனை அழியாது தொடக்கப் பட்டியலில் வைத்திருத்தல் நன்று. புதியது தவறினும் பழையது வீட்டைத் திறந்துவிடும்.

திரை உறைந்து நின்றவுடன் கைகள் பரபரப்பது இயல்பே. அக்கணத்தில் கைகளைச் சற்றே கட்டிக்கொண்டு, கடைசி வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தங்கையின் பாடக்குறிப்புகளைக் காப்பது அந்தச் சிறு தாளாகவே இருக்கலாம்.