மேலே ஊர் இருக்கும், கீழே தண்ணி இருக்காது!

தோழர்களே, அரியலூர் – பெரம்பலூர் மக்களே!

"திறந்தவெளிச் சுரங்கம்தானே வேணாம்னு சொன்னீங்க? பூமிக்கு அடியில குடைஞ்சு எடுத்தா உங்க வீடும் முந்திரித் தோப்பும் அப்படியே இருக்குமே?"

பழுப்பு நிலக்கரிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் கையில் வைத்திருக்கும் இனிப்பு மிட்டாய் இது. வாயில் போடுவதற்கு முன், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் இருக்கிற செம்மண் மேடு வெறும் மேடு இல்லை. கடலூர் மணற்பாறை என்று நிலவியலாளர்கள் சொல்லும் படிவம் அது. மழைத் தண்ணியை உறிஞ்சி, தென்கிழக்காகச் சாய்ந்து, கடலூர் கரை வரைக்கும் நிலத்தடியிலேயே கொண்டுபோகிறது. நிலக்கரி கிடப்பது அந்த அடுக்குகளுக்கு நடுவில். நிலக்கரிக்குக் கீழே இருக்கிற தண்ணி அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணி பீறிட்டு மேலே வரும்.

அதனால்தான் 1956-ல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம், நிலக்கரியை எடுப்பதற்கு முன்னாலேயே தண்ணியை இறைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் இரவு பகலாக இறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மோட்டாரை நிறுத்தினால் சுரங்கம் முழுகும்!

திறந்தவெளியோ, அடிநிலமோ, இந்தக் கணக்கு மாறாது. அடிநிலச் சுரங்கத்தில் இன்னொரு ஆபத்தும் சேரும். இங்கே மேலே இருப்பது கெட்டிப் பாறை இல்லை, மணலும் களிமண்ணும். நிலக்கரியை உருவிய இடம் சரிந்தால் மேல்நிலம் அமுங்கும், வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக ஏரித் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் கீழே இறங்கும். ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டிய சோழகங்கம், இன்றைய பொன்னேரி, இதே மண் மேலேதான் இருக்கிறது. ஓட்டைப் பானையில் தண்ணி நிக்குமா?

"சுரங்கத் தண்ணியை வாய்க்கால்ல விடுவோம்" என்பார்கள். நம்ம கிணத்துல இருந்த தண்ணிக்கு நாமே சொந்தக்காரன். அதையே அவன் உறிஞ்சி வாய்க்காலில் விட்டால், வாசலில் நின்று கையேந்தணும். சுரங்கம் மூடும் நாளில் அதுவும் கிடையாது.

"இது ஜெயங்கொண்டம் பிரச்சினை, நமக்கென்ன?" என்று பெரம்பலூர்க்காரர் இருக்க முடியாது. உங்கள் பக்கம் பெரும்பாலும் கெட்டிப் பாறை. தண்ணி தங்குவது பாறை இடுக்கில் மட்டும். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் அந்த இடுக்குத் தண்ணியை நம்பித்தான். குடிக்கும் தண்ணிக்கே கொள்ளிடத்தை எதிர்பார்க்கிற மாவட்டம், பக்கத்து மாவட்டத்தின் நிலத்தடி நீரைப் பறிகொடுத்துவிட்டு எங்கே போகும்?

ஏற்கெனவே பட்டது போதாதா? 1990-களில் ஜெயங்கொண்டம் மின் திட்டம் என்று சொல்லி 13 கிராமங்களின் நிலத்தில் கை வைத்தார்கள். கால் நூற்றாண்டு ஓடியது. விவசாயி இழப்பீட்டுக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றான். ஒரு யூனிட் மின்சாரம் வந்ததா? இல்லை. கடைசியில் நிலத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

2023 மார்ச்சில் ஒன்றிய அரசு மறுபடியும் ஏலம் போட்டது: தஞ்சை வடசேரி, அரியலூர் மைக்கேல்பட்டி, கடலூரில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதி. விவசாயிகள் கொதித்தார்கள், தமிழ்நாடே எதிர்த்தது. ஏப்ரல் 8-ல் மூன்றையும் ஏலத்திலிருந்து நீக்குவதாக அறிவித்தார் நிலக்கரி அமைச்சர்.

அது வெற்றிதான். ஆனால் பட்டியலிலிருந்து எடுத்ததை மறுபடி பட்டியலில் சேர்க்க ஒரு கையெழுத்து போதும். நமக்கு வேண்டியது சட்டம். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது தஞ்சை, திருவாரூர், நாகை இருந்தன. கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள் இருந்தன. கொள்ளிடக் கரையிலேயே இருக்கிற அரியலூரை வெளியே நிறுத்தினார்கள். ஆத்துக்கு அந்தக் கரையில் இருப்பவன் உழவன், இந்தக் கரையில் இருப்பவன் யார்?

நம் கோரிக்கைகள்:

🔴 அரியலூர் மாவட்டத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்!

🔴 திறந்தவெளி, அடிநிலம் என எந்தப் பெயரிலும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் கிடையாது என்று எழுத்தில் கொடு!

🔴 நிலத்தடி நீர் ஆய்வு எதுவானாலும் தமிழில் அச்சிட்டு, கிராமசபையில் வை!

அடுத்த கிராமசபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள் தோழர்களே. இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். கரி இன்றைக்கு எரியும், நாளைக்குச் சாம்பல். தண்ணி போனால் ஊரே சாம்பல்!

#அரியலூரை_வேளாண்மண்டலமாக்கு
#நிலத்தடிநீர்_நம்உரிமை