முதல் கப்பலாக யமாட்டோ வேண்டாம்

பிளாஸ்டிக் போர்க்கப்பல் மாடல் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, ‘எந்த ஸ்கேல் நல்லது?’ என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும். எந்தக் கப்பல், எந்தக் காலத்துக் கப்பல் என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும். அதை யோசிக்காமல் பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்கியவர்களின் யமாட்டோ, பிஸ்மார்க் போன்ற இரண்டாம் உலகப்போர்க் காலப் பெரிய போர்க்கப்பல்கள் பாதி ஒட்டிய நிலையில் பரணில் கிடக்கின்றன.

யமாட்டோவையே எடுத்துக்கொள்வோம். அசல் கப்பலின் நீளம் 263 மீட்டர். 1/350 ஸ்கேலில் அது 75 சென்டிமீட்டர். வீட்டு அலமாரியில் அடங்காது. 1/700-இல் 38 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். சின்னதாக வாங்கினால் வேலையும் குறையும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். குறையாது. 1945-இல் அந்தக் கப்பலில் இருந்த 25 மி.மீ. விமான எதிர்ப்புக் குழல்கள் மட்டும் 150-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை மும்மூன்றாகப் பொருத்தப்பட்டவை. ஒவ்வொன்றையும், உறுப்புகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, பிசிறைச் சீவி, இடுக்கியால் பிடித்து ஒட்ட வேண்டும். ஒரே வேலையை ஐம்பது தடவை செய்ய வேண்டும், அதுவும் அரிசி அளவுத் துண்டுகளை வைத்துக்கொண்டு. புதிதாகத் தொடங்குகிறவரின் ஆர்வம் இங்கேதான் வடிந்துபோகிறது.

1/700-ஐ நான் குறை சொல்லவில்லை. ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்து நிறுவனங்களான தாமியா, அவோஷிமா, ஹசேகவா, ஃபுஜிமி நான்கும் 1971-இல் கைகோத்து, கப்பல்களைத் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டு தொடங்கிய ‘வாட்டர்லைன்’ வரிசை, ஒரு முழுக் கடற்படையையே ஒரு தட்டில் நிறுத்த வழிசெய்தது. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதி அந்த கிட்களில் கிடையாது. மேசைமேல் வைத்தால் கடலில் மிதப்பதுபோல இருக்கும். ஆனால் 1/700-இல் ஒரு மாலுமியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர். ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிக் கம்பி ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. பழகாத கைக்கும் நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கும் இது கடினம். 1/350-இல் எல்லாம் இரண்டு மடங்கு. பிடிக்க முடியும், பார்க்க முடியும், தவறாக ஒட்டியதைப் பிரித்துத் திருத்தவும் முடியும். ஒன்றை மறந்துவிடக் கூடாது: நீளம் இரண்டு மடங்கானால் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு நான்கு மடங்கு. அதனால் 1/350-இல் சிறிய கப்பல் என்பதே என் பரிந்துரை.

அடுத்து, காலம். விமானங்கள் போருக்கு வருவதற்கு முந்தைய கப்பல்களில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் இல்லை, ரேடார் இல்லை. மேல்தளம் வெறிச்சென்று இருக்கும். அந்த வகையில் என் முதல் தேர்வு எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மானியக் கப்பல். நீளம் 118 மீட்டர். 1/350-இல் 34 சென்டிமீட்டர். ரெவெல் நிறுவனம் அந்த ஸ்கேலில் அதை வெளியிட்டிருக்கிறது. மூன்று புகைபோக்கிகள், பத்து 10.5 செ.மீ. பீரங்கிகள், இரண்டு கொடிமரங்கள். எந்த உறுப்பு எதற்கு என்று ஒட்டும்போதே புரிந்துவிடும். பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது ஆங்கிலேயக் கப்பல்போலத் தோன்றுவதற்காகப் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றையும் நிறுத்தியிருந்தார்கள். விரும்பினால் அதையும் செய்து வைக்கலாம்.

இப்படி வரலாறு தெரிந்த கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. சலிப்பு வரும் நாளில் அந்தக் கதைதான் மறுபடி மேசைக்கு இழுத்துவரும். தலைமுறை தலைமுறையாகச் சென்னைக்காரர்கள் பேசிவந்த கப்பல் கையில் உருவாகிறது என்பது சிறிய விஷயமல்ல.

எல்லா கிட்டும் எல்லாக் காலத்திலும் அச்சில் இருப்பதில்லை. எம்டன் கிடைக்காவிட்டால் தாமியாவின் 1/350 ஃபிளெட்சர் வாங்கலாம். அமெரிக்கா 175 கப்பல்கள் கட்டிய நாசகாரி வகை அது. மாடலின் நீளம் 33 சென்டிமீட்டர். விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் அதில் உண்டு என்றாலும் சமாளிக்கும் அளவுதான். அதுவும் அதிகம் என்று தோன்றினால் அதே ஸ்கேலில் ஏழாம் வகை ஜெர்மானிய நீர்மூழ்கி: 19 சென்டிமீட்டர், உடலின் இரு பாதிகளை ஒட்டினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

கடைக்காரர் பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த கைப்பிடிக் கம்பிகளையும் ஏணிகளையும் சேர்த்து விற்கப் பார்ப்பார். முதல் கப்பலுக்கு அவை வேண்டாம். கொடிமரக் கம்பிகளையும் விட்டுவிடலாம். அந்தப் பணத்துக்கு நல்ல வெட்டுக்குறடும் கூர்மையான இடுக்கியும் வாங்குங்கள். ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களைத் தவிர்த்துவிடுங்கள். காற்றின் ஈரத்தில் லாக்கர் வெளுத்துப்போகும். மேற்கட்டுமானத்தை ஒட்டுவதற்கு முன்பே தளத்துக்கு வண்ணம் அடித்துவிட வேண்டும், ஒட்டியபின் இடுக்குகளில் தூரிகை நுழையாது.

யமாட்டோ எங்கும் போய்விடாது; அதை மூன்றாவது, நான்காவது கப்பலாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எம்டனைத் தேடிப் பாருங்கள்.

- கட்டுரையாளர், கப்பல் மாதிரிகள் செய்பவர்.